டிராக் லாஞ்ச்: பின்சக்கரம் மக்கர் பண்ணினால் எங்கே கை வைப்பது

"அண்ணா, மேல நல்லா இருந்துச்சு. கீழ போனதும் மக்கர் பண்ணுது."

கோத்தகிரியில் என் பட்டறைக்கு வரும் டிராக் பையன்களில் பாதிப் பேர் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் இதைச் சொல்லிவிடுவார்கள். டிராக் என்றால் நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் பந்தயம், அதில் கிளம்பும் நொடிதான் லாஞ்ச். மேலே என்றால் மலை. கீழே என்றால் கோவைப் பக்கம் ஓடுதளம். பாக்கெட்டில் புது ஷாக் அப்சார்பர் (சுருக்கமாக ஷாக்) வாங்கப் பணமும் தயாராக இருக்கும். பெரும்பாலும் அந்தப் பணம் வந்த வழியே வீட்டுக்குப் போகும். செயினைத் தளர்த்தியிருப்பேன், இல்லையென்றால் நூல் பிடித்துச் சக்கரத்தை நேராக்கியிருப்பேன், அல்லது சின்ன ரப்பர் ஒன்றை மாற்றியிருப்பேன். ஒரே பழுதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில், எந்த அறிகுறிக்கு எதை முதலில் தொடுவது என்று ஒரு வரிசை கைக்கு வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது ஆர்எக்ஸ் 100, 135 மாதிரி இரட்டை ஷாக் வண்டிகளுக்கும், பல்சர் என்எஸ், ஆர்15, டியூக் மாதிரி மோனோஷாக் (பின்னால் ஒரே ஷாக்) வண்டிகளுக்கும் பொருந்தும். ஜீப், கார் பற்றிக் கடைசியில் கொஞ்சம். ஓட்டிப் பார்ப்பதெல்லாம் மூடிய ஓடுதளத்தில் மட்டும். ரோட்டில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவில் குற்றம். அது ஒருபுறம் இருக்கட்டும், மலை ஏறும் குஞ்சப்பனை ரோட்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிறதா, காட்டுமாடு நிற்கிறதா என்று எவனுக்கும் தெரியாது.

முதலில்: மேலே செட் பண்ணியது கீழே ஏன் செல்லாது

இதைப் படிக்காமல் கீழே உள்ள எந்தக் குறிக்கும் போகாதீர்கள்.

காற்று. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், கோவை 400 சொச்சம். டயருக்குள் காற்று அப்படியே இருந்தாலும் இறங்கும்போது காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் குறைத்துக் காட்டும். உயரம் மட்டுமே 2 பிஎஸ்ஐக்கு மேல் தின்றுவிடும். கீழே இருக்கும் சூடு அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். இங்கே விடிகாலை 14 டிகிரியில் 20 பிஎஸ்ஐ அடித்த டயர், கீழே காலை 24 டிகிரியில் 19 பக்கம் நிற்கும். மதியம் ரப்பர் 45 டிகிரிக்குச் சூடேறினால் 21ஐத் தாண்டும். காலை ஓட்டத்துக்கும் மதிய ஓட்டத்துக்கும் 2 பிஎஸ்ஐ வித்தியாசம் என்றால் அது இரண்டு வெவ்வேறு டயர் மாதிரிதான். ஆகவே காற்றை ஓடுதளத்தில், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால், உங்கள் சொந்தக் கேஜில் பாருங்கள். பெட்ரோல் பங்க் கேஜும் உங்கள் கேஜும் ஒத்துப் போகும் என்று நம்பாதீர்கள்.

இன்ஜின். இங்கே காற்று மெலிசு. கடல் மட்டத்தை வைத்துப் பார்த்தால் ஆறில் ஒரு பங்கு போல சக்தி குறையும். மேலே சாதுவாகக் கிளம்பிய வண்டி கீழே முன்சக்கரத்தைத் தூக்கினால் ஷாக்கைக் குறை சொல்லாதீர்கள். இன்ஜினுக்கு மூச்சு வந்திருக்கிறது, அவ்வளவுதான். கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: மலைக்காகச் சின்ன மெயின் ஜெட் (பெட்ரோல் போகும் துளைத் திருகு) போட்டிருந்தால் அதோடு கீழே போய் முழு திராட்டில் கொடுக்காதீர்கள். கீழே அது பெட்ரோல் போதாமல் ஓடும். டூ ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துவிடும்.

சரிவு. நம் ஊரில் 60 அடி சமதரை கிடைப்பதே அபூர்வம். ஏற்றத்தில் லாஞ்ச் எடுத்துப் பார்த்தால் எடை தானாகவே பின்சக்கரத்துக்குப் போகும், பிடிப்பு அபாரமாகத் தெரியும். சமதரைக்குப் போனதும் சக்கரம் சுற்றும். என் பட்டறைத் தரையே மூன்று விரல் சாய்வு. அளவெடுக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் டியூப் வைத்துப் பார்த்து சிமென்ட் போட்டு மட்டம் பண்ணியிருக்கிறேன்.

ஷாக் ஆயில். குளிரில் கெட்டியாக இருக்கும். செத்துப்போன ஷாக்கூட மார்கழிக் காலையில் நல்ல ஷாக் மாதிரி நடிக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

கேஜ், டேப், நாலு கேபிள் டை, சாக்பீஸ், நைலான் நூல், ஷாக் ஸ்பிரிங்கைத் தாங்கும் காலரைத் திருகும் சி ஸ்பேனர், ஒரு நோட்டு. ஸ்லோ மோஷன் எடுக்கும் போன் இருந்தால் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய டூல். பக்கவாட்டில் இருபது அடி தள்ளி உட்கார்ந்து, பின்சக்கர அச்சின் உயரத்தில் போனைப் பிடித்து, முதல் 60 அடியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடும், அதற்கு நேரே ரிம்மில் ஒரு கோடும் போட்டுவிடுங்கள். "குதிச்சுதுண்ணா" என்று ஓட்டியவன் சொல்வதும் வீடியோவில் தெரிவதும் பலமுறை வேறு வேறாக இருந்திருக்கிறது.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

குறி 1: கிளட்ச் விட்டதும் பின்சக்கரம் தட்டித் தட்டிக் குதிக்கிறது

அதிகம் வருவது இதுதான். அதிகம் பணம் வீணாவதும் இதில்தான். ஷாக் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் இந்த வரிசையில் போங்கள்.

*கிளட்ச்.* சஸ்பென்ஷனே இல்லாத காரணம் இது, அதனால்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். லீவரை மெதுவாக விடும்போதே வண்டி விட்டுவிட்டுப் பிடித்தால், கிளட்ச் ஹப்பின் பற்களில் பிளேட் வெட்டிய பள்ளம் இருக்கும். அந்த அதிர்வு செயின் வழியாகப் போய்ச் சக்கரத்தைக் குதிக்க வைக்கும். லீவர் வழவழவென்று பிடித்தால் அடுத்ததற்கு வாருங்கள்.

*டயர் காற்று.* பிடிப்பு வேண்டும் என்று 12, 14 வரை இறக்கியிருப்பார்கள். பக்கச் சுவர் மடங்கி மடங்கித் திரும்பும், அதுவே ஒரு ஸ்பிரிங்காக மாறிவிடும். வீடியோவில் டயர் சுருங்குவது தெளிவாகத் தெரியும். ஆர்எக்ஸ் மாதிரி ஒல்லி டயருக்கு 20இல் தொடங்கி ஒவ்வொரு பிஎஸ்ஐயாக மாற்றுங்கள். டியூப் போட்ட வண்டியில் 16க்குக் கீழே நான் போவதில்லை. சாக்பீஸ் கோடுகள் விலகியிருந்தால் டயர் ரிம்மில் நழுவுகிறது என்று பொருள். அடுத்து நடப்பது டியூப் வால்வு பிய்ந்து வருவது.

*செயின்.* கட்டபெட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவன், லிங்க் (ஷாக்கோடு இணையும் பட்டை, செயின் லிங்க் அல்ல) மாற்றி பின்பக்கத்தைத் தாழ்த்திய மோனோஷாக் வண்டியோடு வந்தான். எனக்கு முன்னால் இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறான். ஒரு இடத்தில் ஸ்பிரிங்கை மாற்றினார்கள், இன்னொரு இடத்தில் ஷாக்கையே மாற்றினார்கள். குதிப்பது நிற்கவில்லை. ஸ்டாண்டில் பார்த்தால் செயின் தளர்வு சரியாகத்தான் இருந்தது. அவனை உட்கார வைத்துப் பார்த்தேன். வீணைத் தந்தி மாதிரி நின்றது. உயரம் மாறினால் செயின் கணக்கும் மாறும். செயின் இழுத்துப் பிடித்தால், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கையான ஸ்விங் ஆர்ம் மேலே போக முடியாது. எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் வேலை செய்யாது.

சரியாகப் பார்க்கும் முறை: ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்வரை சக்கரத்தைக் கையால் தூக்குங்கள். செயின் அதிகபட்சம் இழுபடும் இடம் அதுதான். அங்கே 10 மி.மீ. தளர்வாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சும்படி வைத்து, ஷாக்கை மாட்டி, ஸ்டாண்டில் தளர்வு எவ்வளவு என்று அளந்து நோட்டில் எழுதுங்கள். கம்பெனி புத்தகத்தில் உள்ள அளவு கம்பெனி உயரத்துக்கு மட்டும்தான். தாழ்த்திய உங்கள் வண்டிக்கு இனி நோட்டில் எழுதியதுதான் அளவு.

*கப்ளிங் ரப்பர்.* பின் ஸ்பிராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் இது. சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஸ்பிராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் ரப்பர் போய்விட்டது. மாற்றுங்கள். பழைய டியூபை வெட்டிச் செருகுவது நம் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம், நானும் செய்திருக்கிறேன். டவுனுக்குப் போய்வரத் தாங்கும், லாஞ்சுக்குத் தாங்காது.

*ஷாக்கின் தணிப்பு.* ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதுதான் தணிப்பு. மேற்சொன்ன நான்கும் சரியாக இருந்தால்தான் இங்கே வர வேண்டும். வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டி ஷாக்கைச் சூடாக்குங்கள். சீட்டை ஓங்கி அழுத்தி விடுங்கள். ஒரே தடவை எழுந்து நின்றால் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று தடவை ஆடினால் இல்லை. ராடில் ஆயில் பிசுக்கு இருந்தால் சந்தேகமே வேண்டாம். ரீபவுண்ட் ஸ்க்ரூ (அமுங்கிய ஷாக் எழும் வேகத்தை மாற்றுவது) உள்ள ஷாக் என்றால் இரண்டு கிளிக் இறுக்கிப் பாருங்கள், அதில் அடங்கினால் செலவு மிச்சம்.

*ஸ்விங் ஆர்ம் புஷ்.* ஆர்ம் ஆடும் போல்ட்டைச் சுற்றி இருக்கும் குழாய்தான் புஷ். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஆர்மின் பின் நுனியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தாலே அதிகம். இங்கே பனியும் மழையும் மாறிமாறி அடிப்பதால் தேய்மானத்தைவிடத் துருதான் பெரிய எதிரி. போல்ட்டும் புஷ்ஷும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி துரு ஆயில் ஊற்றி வைத்து, காலையில் நட்டைப் பாதி மாட்டிவிட்டு அதன் மேல் தட்டுங்கள். மரையில் நேராக அடித்தால் போல்ட்டும் போச்சு.

*எங்கே நிறுத்துவது:* இரண்டு இரவு ஆயில் ஊற்றியும் போல்ட் அசையவில்லையா, பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மோனோஷாக்கில் ஆயில் கசிந்தால் ஷாக் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் அதிக அழுத்தத்தில் இருக்கிறது. அதை வீட்டில் திறக்கப் போனவன் விரலை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

குறி 2: சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

டயரைத் துடைத்தீர்களா? சிரிக்காதீர்கள். தேயிலைத் தோட்டத்து மண் ரோட்டில் வந்து, வேனில் ஏற்றி, அதே சேறோடு கோட்டில் நிறுத்தியவர்கள் உண்டு.

துடைத்தாகிவிட்டதென்றால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வயதான ரப்பர் கல்லாகியிருக்கும். நகத்தை அழுத்தினால் தடம் விழ வேண்டும். விழவில்லை என்றால் மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள், டயரை மாற்றுங்கள். பிறகு காற்று, மேலே சொன்ன அதே கணக்கு.

இனி சஸ்பென்ஷன். பையன்கள் "கெட்டியா இருந்தா பவர் நேரா இறங்கும்ணா" என்று காலரைக் கடைசிப் படிவரை ஏற்றிவிடுகிறார்கள். அப்படி இறங்க இடமில்லாமல் போன பின்பக்கம் கிளம்பும்போது டயரைத் தரையில் இதமாக அழுத்துவதில்லை, ஓடுதளத்தில் உள்ள சின்ன மேடு பள்ளத்துக்கெல்லாம் டயரைத் தரையிலிருந்து பிரித்துவிடும். அளந்துதான் பார்க்க வேண்டும்:

பின்சக்கரத்தைத் தூக்கி, அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே வால் பகுதியில் ஒட்டிய டேப் துண்டு வரை அளக்கவும். பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி, ஆள் ஏறாமல் அளக்கவும். கடைசியில் ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டு, லாஞ்சில் எப்படிக் குனிந்திருப்பீர்களோ அப்படியே உட்கார்ந்து ஒருவரை அளக்கச் சொல்லவும். முதல் அளவுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் இறக்கம். 25 முதல் 30 மி.மீ. நல்ல தொடக்கம். 15க்குக் குறைந்தால் காலரை ஒரு படி இறக்கி ஓட்டிப் பாருங்கள்.

இரட்டை ஷாக்கில் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள். இறக்கும் அவசரத்தில் ஒரு பக்கத்தை மறப்பது சகஜம்.

இதெல்லாம் சரியாகியும் சுற்றுகிறதென்றால், ஆர்ம் நீட்டிய வண்டியா? நீட்டினால் முன்சக்கரம் அடங்கும், ஆனால் பின்சக்கரத்துக்குப் போகும் எடையும் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும். அச்சை ஆர்மில் 10 மி.மீ. முன்னால் தள்ளிப் பாருங்கள். தள்ளியதும் செயினை மறுபடி மேலே சொன்னபடி பாருங்கள்.

குறி 3: முன்சக்கரம் தூக்குகிறது

படம் பிடிக்க அழகு, நேரத்துக்கு நஷ்டம். தூக்கியதும் கை தானாகத் திராட்டிலை மூடும். 402 மீட்டர் ஓட்டத்தில் அங்கே விட்டதைக் கடைசிவரை பிடிக்க முடியாது.

ஓட்டுபவர் டேங்க் பக்கம் தள்ளி உட்கார்ந்து, நெஞ்சு டேங்கில் படக் குனிந்து பார்க்கட்டும். கிளம்பும் ஆர்பிஎம்மை 500 குறைத்துப் பார்க்கட்டும். இது இரண்டுமே காசில்லாதது, இரண்டையுமே யாரும் செய்வதில்லை.

அடுத்து வீடியோ. கிளம்பும் நொடியில் பின்பக்கம் என்ன செய்கிறது?

*பின்பக்கம் உட்கார்ந்து, பிறகு முன்பக்கம் எழுகிறது என்றால்:* இறக்கம் அதிகம். 35க்கு மேல் இருந்தால் காலரை ஏற்றுங்கள். பின்பக்கத்தை மட்டும் லிங்க் மாற்றித் தாழ்த்தியிருக்கிறீர்களா? தப்பு அங்கேதான். ஸ்விங் ஆர்ம் பின்பக்கமாகக் கொஞ்சம் சரிந்து இருக்க வேண்டும், அப்போதுதான் செயின் இழுக்கும்போது பின்பக்கத்தை முட்டுக் கொடுத்து நிறுத்தும். பின்னால் மட்டும் தாழ்த்தியதில் ஆர்ம் படுத்துவிட்டது, முட்டு போய்விட்டது. லிங்கைப் பழையபடி மாட்டுங்கள், இல்லையென்றால் முன்பக்கத்தையும் தாழ்த்துங்கள்.

*பின்பக்கம் அசையவே இல்லை, நேராக முன்பக்கம் எழுகிறது என்றால்:* வண்டியின் உயரம்தான் காரணம். முன் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்ப்பில் 5 மி.மீ. மேலே ஏற்றி இறுக்குங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஃபோர்க் முழுக்க அமுங்கினால் டயர் மட்கார்டிலோ ரேடியேட்டரிலோ படாது என்பதை அமுக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டு அடுத்த 5. ஃபோர்க்கை ஸ்ட்ராப் போட்டுக் கட்டுவதும் நல்ல வழிதான், ஓடுதளத்தில் மட்டும். ஸ்ட்ராப்போடு மலை ஏறி வீட்டுக்கு வந்த ஒருவரைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

*இரண்டும் இல்லை, எல்லாம் செய்தாயிற்று, இன்னும் தூக்குகிறது என்றால்* நீள ஸ்விங் ஆர்ம். செலவும் ஆபத்தும் அதிகமான வழி. இதற்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

குறி 4: "டொம்" என்று அடிவாங்குகிறது

ஷாக் ராடில் கேபிள் டை ஒன்றைத் தளர்வாகக் கட்டி, சீல் வரை தள்ளிவிட்டு ஒரு லாஞ்ச் எடுங்கள். டை ராடின் கடைசிவரை போய்விட்டதென்றால் ஷாக் அடித்தட்டுகிறது. பாதியில் நின்றால் சத்தம் வேறு எங்கோ: டயர் மட்கார்டில் உரசுகிறதா, செயின் கவரில் செயின் அடிக்கிறதா, சைலன்சர் கிளாம்ப் லூசா என்று பாருங்கள்.

அடித்தட்டுகிறது என்றால் அந்த அடியைத் தாங்கும் பம்ப் ரப்பர் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். பழைய ஷாக்கில் அது தூள்தூளாகி எப்போதோ கொட்டியிருக்கும். பிறகு காலரை ஏற்றுங்கள். ஒன்றை மனதில் வையுங்கள்: காலரை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகாது, வண்டி உயரும், அவ்வளவுதான். ஏற்றிய பிறகு மறுபடி அளவெடுங்கள். ஆள் ஏறாதபோது வண்டி தன் எடையிலேயே 5 மி.மீ.யாவது இறங்க வேண்டும். இறங்கவே இல்லை, ஆனால் ஆள் ஏறினால் 35க்குப் போகிறது என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிசு. அப்போதுதான் கெட்டி ஸ்பிரிங் வாங்கும் பேச்சு.

ஷாக்கைக் கழற்றிவிட்டு இரும்புக் கம்பி மாட்டுவது பற்றிக் கேட்பார்கள். பெரிய டிராக் வண்டிகளில் அப்படி உண்டு, பொய்யில்லை. அவர்கள் ஓட்டுவது கண்ணாடி மாதிரித் தளத்தில், அகலமான மெத்து டயரில். நம் ஒல்லி டயருக்கு, ஒட்டுப்போட்ட தாருக்கு, நான் மாட்டித் தர மாட்டேன்.

குறி 5: கிளம்பும்போது ஒரு பக்கம் இழுக்கிறது, வால் ஆட்டுகிறது

ஆர்மில் உள்ள கோடுகளை நம்பிச் சக்கரம் வைத்திருப்பீர்கள். இரண்டு பக்கக் கோடும் ஒன்றாக இருந்தாலும் சக்கரம் கோணலாக இருக்கலாம். நூல் பிடியுங்கள். பின் டயரின் பின்பக்கத்தில் நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் முன்னால் கொண்டுவந்து, பின் டயரின் முன்விளிம்பை லேசாகத் தொடும்படி இழுத்துக் கட்டுங்கள். முன் டயர் ஒல்லியாக இருப்பதால் இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கும். இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் செயின் அட்ஜஸ்டரை ஒரு பக்கம் மட்டும் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். அச்சு நட்டை இறுக்கும்போது சக்கரத்தை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள், இல்லையென்றால் இறுக்கும்போதே கோணலாகிவிடும்.

கம்பி வீல் என்றால் ஸ்போக்குகளை ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே "டிங்". நடுவில் ஒன்று "டப்" என்றால் அது தளர்ந்திருக்கிறது. இரட்டை ஷாக்கில் ஒன்று புதிது ஒன்று பழையது என்ற ஜோடி இருந்தால், கஞ்சத்தனம் பார்க்காமல் இரண்டையும் மாற்றுங்கள்.

நூலில் நேராக வரவே மாட்டேன் என்கிறது, அட்ஜஸ்டர் ஒரு பக்கம் கடைசிக்கே போய்விட்டது என்றால் ஆர்மோ சேஸியோ வளைந்திருக்கிறது. எப்போதோ விழுந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, சேஸி ஜிக் (சேஸியைப் பூட்டி அளந்து நிமிர்த்தும் சட்டம்) உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். கம்பி போட்டு நெம்பி நிமிர்த்தும் இடத்துக்கு வேண்டாம்.

குறி 6: ஒரு லாஞ்ச் பிரமாதம், அடுத்தது படுமோசம்

வண்டியை மாற்றாதீர்கள், நோட்டைப் பாருங்கள். நேரம், காற்று, டயர் சூடு, ஆர்பிஎம் எழுதியிருந்தால் பெரும்பாலும் அங்கேயே விடை இருக்கும். எழுதவில்லை என்றால் இன்றிலிருந்து எழுதுங்கள்.

ஸ்விங் ஆர்ம் நீட்டுவது

எங்கள் பக்கம் இதை கேட் அடிக்கும் வெல்டரிடம் கொடுக்கிறார்கள். பட்டை வைத்து, ராடு போட்டு, கருப்புப் பெயின்ட் அடித்துத் தருவார். பார்க்க நன்றாக இருக்கும். அப்படி ஓர் இடத்தில் செய்த ஆர்ம் ஒன்று சாதாரண வாட்டர் சர்வீஸுக்கு வந்தது. சேற்றைக் கழுவியதும் வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. ஓட்டியவன் மறுநாள் காலை ஓடுதளத்துக்குக் கிளம்பத் தயாராக இருந்தான். கையால் நெம்பியதில் விரிசல் கண்ணுக்கு முன்னாலேயே வாய் திறந்தது.

வெல்டிங் பக்கத்தில் இரும்பு சூட்டில் மாறியிருக்கும், விரிசல் அங்கேதான் தொடங்கும். அலுமினிய ஆர்ம் என்றால் இன்னும் மோசம். வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் ஜிக்கில் பூட்டி, டிக் வெல்டிங் செய்து, உள்ளே பட்டி கொடுத்து, புஷ்ஷும் அச்சும் இணையாக இருப்பதை அளந்து தருபவரிடம் மட்டும் கொடுங்கள். கோவையில் கணபதி, சிட்கோ பக்கம் லேத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பைக் ஆர்ம் செய்து பழகியவரா என்று கேட்டுப் போங்கள். ஆர்ம் நீளும்போது செயின் நீளம், பிரேக் ராடு அல்லது ஹோஸ், சைடு ஸ்டாண்டு மூன்றும் மாறும். அந்த வண்டியோடு ரோட்டில் போவதற்கும் அனுமதி இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இந்த மாதிரி மாற்றத்தைத்தான் சொல்கிறது. வேனில் ஏற்றிப் போங்கள்.

ஜீப், கார் கொண்டு வருபவர்களுக்கு

கமான் பட்டை போட்ட பழைய ஜீப்பில் கிளம்பும்போது பின்னால் "தடதட" என்று அடித்தால் முதலில் பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டை இறுக்கிப் பாருங்கள். பாதி அதிலேயே நிற்கும். அடுத்து சென்டர் போல்ட் அறுந்திருக்கிறதா, ஷேக்கிள் புஷ் இருக்கிறதா, பட்டைகளில் எதுவும் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ரோட்டில் மூட்டை ஏற்றி ஓடிய வண்டி என்றால் ஒன்றாவது முறிந்திருக்கும், அழுக்கு மூடியிருப்பதால் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும் அடித்தால் ஆக்ஸில் தன் அச்சில் திரும்பிப் பட்டையை முறுக்குகிறது. அதைத் தடுக்க டிராக்ஷன் பார் போட வேண்டும். அது புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணத்தையும் தொடும் வேலை, தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஸ்விஃப்ட், போலோ மாதிரி முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்கு மேலே எழுதியதெல்லாம் தலைகீழ். அங்கே பின்பக்கம் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் இழுக்கும் சக்கரத்தின் எடை போய்விடும். பின் டயரில் காற்றைக் கம்பெனி சொன்ன உச்ச அளவுக்கு ஏற்றி, டிக்கியில் உள்ள ஸ்டெப்னி, ஜாக்கி, கோயில் தேங்காய் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஒரு ஓட்டம் எடுங்கள். அதற்குப் பிறகும் முன்சக்கரம் சுற்றினால் பின் ஷாக், ஸ்பிரிங் பற்றிப் பேசலாம்.